தீர்மானப் புத்தகம் யார் கையில் இருக்கிறது?

அரசுப் பள்ளியை நடத்துவது யார் என்று எந்த மாணவரைக் கேட்டாலும் தலைமையாசிரியர் என்பார். கொஞ்சம் விவரம் தெரிந்தவர் கல்வித்துறை என்பார். சட்டம் இன்னொருவரையும் சேர்த்துச் சொல்கிறது. அந்தப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்துவிட்டுக் கூலித் தறியில் உட்கார்ந்திருக்கிற அம்மாவும், அரிசி ஆலையில் நெல் காயவைக்கிற அப்பாவும் பள்ளியை நடத்துகிறவர்கள்தான். சம்பளம் கிடையாது, படி கிடையாது, பெயர்ப்பலகை கிடையாது. ஆனால் அதிகாரம் உண்டு. அந்த அதிகாரத்தின் பெயர் பள்ளி மேலாண்மைக் குழு.

2009ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் என்றதும் நமக்கு நினைவு வருவது தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடம் மட்டும்தான். அதன் 21, 22ஆம் பிரிவுகளை நம் தோழர்கள் படிப்பதே இல்லை. தனியார் சுயநிதிப் பள்ளிகள் தவிர மற்ற எல்லாப் பள்ளியிலும் ஒரு குழு இருக்க வேண்டும். அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள். பட்டியல் சாதி, பழங்குடி உள்ளிட்ட பின்தங்கிய பிரிவுக் குழந்தைகளின் பெற்றோருக்கு அவர்கள் விகிதத்துக்கு ஏற்ப இடம். கடைசியாகச் சொன்னதை இன்னொரு முறை படியுங்கள். இது சலுகை இல்லை, விகிதாச்சாரப் பிரதிநிதித்துவம். ஒரு பள்ளியில் நூற்றுக்கு அறுபது பிள்ளைகள் நம் பிள்ளைகள் என்றால், பெற்றோர் இடங்களிலும் அதே கணக்கு இருந்தாக வேண்டும்.

இந்தக் குழு பள்ளி நடப்பதைக் கண்காணிக்கும், பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைத் தயாரிக்கும். அரசிடமிருந்தோ உள்ளாட்சியிடமிருந்தோ வேறு எங்கிருந்தோ வந்த பணம் எப்படிச் செலவானது என்று பார்க்கும். ‘வேறு எங்கிருந்தோ’ என்பதில் நன்கொடையும் அடங்கும். தமிழ்நாட்டில் 2022இல் இருபது பேர் கொண்டதாக இந்தக் குழுக்கள் மறுகட்டமைப்பு செய்யப்பட்டன. 2024இல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து எண்ணிக்கை 24 ஆனது. தலைவர் பெற்றோரில் ஒருவர், அதுவும் பெண். தலைமையாசிரியர் அந்தக் குழுவின் ஒருங்கிணைப்பாளர் மட்டுமே, தலைவர் அல்ல.

இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று புரிய, இதற்கு முன் பள்ளியை யார் ஆண்டார்கள் என்று பார்க்க வேண்டும். நம் பாட்டன் பூட்டன்களுக்கு ஊர்ப் பள்ளிக்குள் நுழையவே இடமில்லாத காலத்தில், பள்ளி என்றால் யாரோ வெளியிலிருந்து வந்து கட்டித் தந்ததுதான். நம் பக்கத்தில் ஆற்காடு மிஷன் அந்த வேலையைச் செய்தது. ஆரணியும் அதன் பழைய நிலையங்களில் ஒன்று. சென்னையில் 1894இல் கர்னல் ஆல்காட் பஞ்சமர் பள்ளியைத் தொடங்கினார், அயோத்திதாசர் அதில் உடன் நின்றார். அந்தப் பள்ளிகள் இல்லையென்றால் நம்மில் பலர் இன்று எழுத்துக்கூட்டிக்கூடப் படித்திருக்க மாட்டோம். நன்றியோடுதான் சொல்கிறோம். ஆனால் அங்கே நம்மவர்கள் பிள்ளையை அனுப்புகிறவர்கள், நிர்வாகம் பண்ணுகிறவர்கள் வேறு.

விடுதலைக்குப் பின் காமராசர் ஆட்சியில் பள்ளிக் கல்விக்குத் தலைமை தாங்கிய நெ.து. சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளைத் தொடங்கினார். 1958இல் கடம்பத்தூரில் நடந்தது அதன் தொடக்கம். ஊர் மக்கள் திரண்டு வந்து நிலமும் கட்டடமும் மேசை நாற்காலியும் சுவர்க்கடிகாரமும் கொடுத்தார்கள். தமிழ்நாட்டுக் கல்வி வரலாற்றில் அது பெருமைக்குரிய பக்கம், சந்தேகமில்லை. கூடவே இதையும் பார்க்க வேண்டும்: கொடுக்க முடிந்தவர் யார்? நிலம் உள்ளவர். நிலம் யாரிடம் இருந்தது? கொடுத்தவரின் பெயர் கல்வெட்டில் ஏறியது, விழாவில் நாற்காலி அவருக்குப் போட்டார்கள், தலைமையாசிரியர் மாறி வந்தால் முதலில் போய்ப் பார்ப்பதும் அவரைத்தான். பிற்பாடு வந்த பெற்றோர் ஆசிரியர் கழகம், கிராமக் கல்விக் குழு, புரவலர் திட்டம் எல்லாமே ஏதோ ஒரு வகையில் இந்த ‘ஊர்ப் பெரியவர்’ நாற்காலியைத் தூசி தட்டித் திரும்பப் போட்டவைதான்.

2009 சட்டம் அந்த நாற்காலியை எடுத்துவிட்டது. பள்ளியில் உனக்கு என்ன தகுதி என்று கேட்டால், நிலம் கொடுத்தேன் என்பது விடை அல்ல, என் பிள்ளை இங்கே படிக்கிறது என்பதே விடை. கொடையாளியிடமிருந்து பெற்றோருக்கு வந்த அதிகாரம் இது. எங்கள் பார்வையில் இட ஒதுக்கீட்டுக்கு அடுத்தபடியாகப் பள்ளிக் கல்வியில் நமக்குக் கிடைத்த வலுவான கருவி இதுதான். கருவி கிடைத்ததா என்றால் கிடைத்தது. கையில் இருக்கிறதா என்பதே நம் கேள்வி.

ஆரணிக்கு வருவோம். பட்டுச்சேலைக்குப் பெயர் போன ஊர், புவிசார் குறியீடும் உண்டு. கூடவே பொன்னி அரிசி. இந்த இரண்டுக்கும் உழைக்கிற வீடுகளின் பிள்ளைகள்தான் பெரும்பாலும் அரசுப் பள்ளியில் இருக்கிறார்கள். கடைக்காரர், ஜரிகை வியாபாரி, பாவு கொடுக்கிற முதலாளி வீட்டுப் பிள்ளைகள் மெட்ரிக் பள்ளி வேனில் ஏறிப் போய்விடுகின்றன. நம் மக்களில் சிலர் கூலித் தறியில் இருக்கிறார்கள். பலர் அரிசி ஆலையிலும் வயலிலும் கட்டட வேலையிலும். பெண்கள் வீட்டில் தார் சுற்றிக்கொண்டே நூறு நாள் வேலைக்கும் போகிறார்கள். ஆக, சட்டத்தின் கணக்குப்படி இங்கே பல பள்ளிகளின் குழுக்களில் நம் ஆட்களே பெரும்பான்மையாக இருக்க வேண்டும். பல இடங்களில் பட்டியலில் இருக்கவும் செய்கிறார்கள்.

கூட்டம் எப்போது? மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு என்று துறை வழக்கமாக்கியிருக்கிறது. ஆசிரியருக்கு அது வேலை நேரம், சம்பளத்தோடு உட்காரலாம். தறிக்காரருக்கு? சேலைக் கணக்கில் கூலி. தறியை விட்டு எழுந்தால் சேலை இறங்குவது தள்ளிப்போகும், முதலாளியிடம் முன்பணம் வாங்கியிருந்தால் அதற்கும் பதில் சொல்ல வேண்டும். கோர்வை போடுகிற சேலையென்றால் நெய்பவர் எழுந்தால் துணைக்கு உட்கார்ந்தவரும் சும்மா இருக்க வேண்டியதுதான். (அந்தத் துணை இடத்தில் ஒரு காலத்தில் யாரை உட்கார வைத்தார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். காஞ்சிபுரம் பட்டுத் தறிகளில் முன்பணத்துக்குக் கட்டுண்ட குழந்தைகளைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003இல் ஓர் அறிக்கையே வெளியிட்டது.) ஆலைக்குப் போகிறவர் மதியத்தோடு கிளம்பினால் அரை நாள் கூலி போச்சு.

சமூகவியல் வகுப்பில் நமக்குத் ‘தன்னார்வம்’ என்பதை ஒரு நல்ல குணமாகவே சொல்லிக்கொடுத்தார்கள். தன்னார்வம் குணம் மட்டுமில்லை. அதற்கு நேரம் வேண்டும், அந்த நேரம் நிலத்தைப் போலவே சாதிவாரியாகப் பிரிந்து கிடக்கிறது. இங்கிலாந்தில் சுமார் இரண்டரை லட்சம் பேர் பள்ளி ஆளுநர்களாகச் சம்பளமில்லாமல் வேலை பார்க்கிறார்கள். அங்கே அந்தப் பணிக்காக வேலையிடத்தில் நியாயமான அளவு நேரம் கேட்டுப் பெற ஊழியருக்குச் சட்ட உரிமை உண்டு. இங்கே கூலித் தறிக்காரர் யாரிடம் போய் விடுப்பு கேட்பார்?

அதனால் நடப்பது என்ன? ஆரணி வட்டாரத்தில் நாங்கள் பார்த்த ஒரு பள்ளியின் குழுத் தலைவி நம் காலனியைச் சேர்ந்தவர். எத்தனை கூட்டத்துக்குப் போனீர்கள் அக்கா என்று கேட்டோம். “ரெண்டு தடவ போனேன். அப்புறம் வேல இருந்தா வராத, பசங்கிட்ட புக்கு குடுத்து அனுப்புறேன், கையெழுத்து மட்டும் போட்டுக் குடுத்துடுன்னாரு சார். நல்ல மனுசன்தான்” என்றார். புத்தகத்தில் என்ன எழுதியிருந்தது? “அத யாரு படிச்சாங்க, பையன் வாசல்ல நிக்கிறான், மணி அடிச்சிருவாங்கன்றான்.”

அந்தத் தலைமையாசிரியரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அவர் உண்மையிலேயே அந்த அம்மாவின் அரை நாள் கூலி போகக்கூடாது என்றுதான் நினைத்திருக்கலாம். ஆனால் அந்தக் கருணையில் ஒரு சட்ட அதிகாரம் ஓசையில்லாமல் கை மாறிவிட்டது. வாசலில் நின்று போட்ட கையெழுத்தின் கீழே கட்டட வேலைக்கான செலவு இருக்கலாம், சத்துணவு திருப்திகரம் என்ற வரி இருக்கலாம். நாளை ஏதாவது தவறு வெளியே வந்தால், ‘உங்க ஆளே கையெழுத்துப் போட்டிருக்காங்களே’ என்று நம்மிடமே காட்டுவார்கள். ஆள் நம் ஆள், முடிவு யாருடையது?

பெற்றோர் கையில் அதிகாரம் வந்தாலே போதும், நியாயம் தானாக வரும் என்று நம்புகிற தோழர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பெற்றோர் என்பவர் சாதியைக் கழற்றி வைத்துவிட்டு வருகிறவர் இல்லை. 2018இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் அரசு உயர்நிலைப் பள்ளியில் சத்துணவு சமைக்க அருந்ததியர் பெண் ஒருவர் வந்தார். அவர் சமைக்கக்கூடாது என்று பள்ளிக்கு முன் திரண்டவர்களும் பெற்றோர்தான். நிர்வாகம் முதலில் அந்தப் பெண்ணைத்தான் இடம் மாற்றியது. இயக்கங்கள் போராடிய பிறகே அந்த உத்தரவு ரத்தானது. ஏழு ஆண்டுகள் கழித்து, 2025 நவம்பரில், திருப்பூர் நீதிமன்றம் ஆறு பேரைக் குற்றவாளிகள் என்றது. அன்று அந்த வாசலில் பேசியதும் ‘பெற்றோரின் குரல்’தான். விகிதாச்சாரம் இல்லாத பெற்றோர் குழு ஊர்க் கூட்டமாகவே இருக்கும்.

தென்னாப்பிரிக்கா இதை இன்னும் பெரிய அளவில் பார்த்திருக்கிறது. நிறவெறி ஆட்சி முடிந்தபின், 1996இல் வந்த பள்ளிச் சட்டம் பெற்றோர் பெரும்பான்மையுள்ள ஆளுகைக் குழுக்களிடம் சேர்க்கைக் கொள்கையையும் பயிற்று மொழியையும் கட்டணத்தையும் ஒப்படைத்தது. கேட்க ஜனநாயகமாகத்தான் இருந்தது. முன்னர் வெள்ளையர் மட்டும் படித்த சில பள்ளிகளில் அதே குழுக்கள் ஆப்பிரிக்கான்ஸ் மொழியைக் காட்டியே கறுப்பினப் பிள்ளைகளை வாசலில் நிறுத்தின. எர்மெலோ என்ற ஊரின் பள்ளி வழக்கு 2009இல் அரசியல் சாசன நீதிமன்றம் வரை போனது. கடைசியில் 2024இல் சட்டத்தையே திருத்தி அந்தக் குழுக்களின் சேர்க்கை, மொழி அதிகாரங்களின் மேல் அரசின் கண்காணிப்பைக் கொண்டுவர வேண்டியிருந்தது. நம் சட்டம் அந்த வகையில் கொஞ்சம் புத்திசாலி. யாரைச் சேர்ப்பது என்பதைக் குழுவிடம் விடவில்லை, கண்காணிக்கும் அதிகாரத்தைக் கொடுத்து, அதில் நமக்கு விகிதமும் கொடுத்தது. அதையும் கையெழுத்தாகக் கரைத்துவிட்டு நிற்கிறோம்.

கண்காணிப்பு என்றால் என்ன? 2022 இறுதியில் ஈரோடு மாவட்டம் பெருந்துறை அருகே பாலக்கரை ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்ததாக வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவாகி, தலைமையாசிரியை கைது செய்யப்பட்டார். எப்படி வெளியே வந்தது? ஒரு பிள்ளைக்கு டெங்கு வந்தது, எப்படி வந்தது என்று அம்மா கேட்டார், பிள்ளை சொன்னது. ஒரு காய்ச்சல் வந்துதான் தெரிய வேண்டுமா? கழிப்பறையை யார் கழுவுகிறார்கள், தண்ணீர்த் தொட்டியை யார் நிரப்புகிறார்கள், வகுப்பில் யார் எந்த வரிசையில் உட்காருகிறார்கள், சாப்பாட்டுத் தட்டு எப்படி அடுக்கப்படுகிறது என்று மாதம் ஒரு முறை குழுவில் கேட்டால் போதும். சுற்றுச்சுவர், கணினி என்று மட்டுமே பேசுகிற மேம்பாட்டுத் திட்டத்தில் இதற்கெல்லாம் வரியே இருப்பதில்லை. மனரீதியாகவோ உடல்ரீதியாகவோ பிள்ளைகள் துன்புறுத்தப்பட்டால் அதை உள்ளாட்சியின் கவனத்துக்குக் கொண்டுபோவது குழுவின் வேலை என்று 2010 மத்திய மாதிரி விதிகளே சொல்கின்றன.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதையும் மறைக்கக்கூடாது. அரசு தன் பொறுப்பைத் தள்ளிவிட இந்தக் குழுக்களைப் பயன்படுத்துகிறது. 2022இல் 13,331 ஆசிரியர் காலியிடங்களுக்கு நிரந்தரமாக ஆள் போடாமல், பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர்களை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய்! கூலிக்காரப் பெற்றோரின் கையெழுத்தில், படித்த இளைஞர்களைக் கூலிக்காரர்களாக்கும் ஏற்பாடு அது. ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறிக் காத்திருந்த நம் பிள்ளைகள் கொதித்ததில் நியாயம் இருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ என்று நன்கொடை திரட்டும் அமைப்பு வந்தது. முன்னாள் மாணவர் உதவட்டும், நிறுவனங்கள் கொடுக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கொடுத்தவர் விழா மேடையிலும் குழுத் தலைவி பார்வையாளர் வரிசையிலும் உட்காரத் தொடங்கினால், 1958இன் நாற்காலி திரும்ப வந்துவிட்டது என்று பொருள். வந்த ஒவ்வொரு ரூபாயையும் கேள்வி கேட்கும் உரிமை பார்வையாளர் வரிசையில் இருக்கிறவருக்கே சட்டப்படி உண்டு.

ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித்துறையோடு இணைப்பதாக 2023 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தபோது நம் இயக்கங்கள் எதிர்த்தன. அந்தப் பள்ளிகளின் நிலமும் விடுதிகளும் நம் பெயரில் வந்த சொத்து என்பதே வாதம். அந்த வாதத்தோடு உடன்படுகிறோம். ஆனால் அங்கெல்லாம் குழுவில் கிட்டத்தட்ட முழுக்க நம் பெற்றோர்தானே இருக்கிறார்கள்? ஒரு நலப் பள்ளியின் ஆசிரியர் காலியிடம் எத்தனை மாதமாகக் கிடக்கிறது என்று குழுத் தீர்மானமாக எழுதி மாவட்ட அலுவலருக்கு அனுப்பியதைக் காட்டுங்கள் என்று கேட்டால் நம்மில் எத்தனை பேரால் காட்ட முடியும்? துறை எதுவாக இருந்தாலும் தீர்மானப் புத்தகம் ஒன்றுதான்.

‘இவங்களுக்கு என்ன சார் தெரியும், படிக்கவே தெரியாது’ என்று ஆசிரியர் அறைகளில் கேட்கிறோம். முன்பணம் எவ்வளவு, எத்தனை சேலையில் எவ்வளவு கழித்தான், ஜரிகை எடை குறைந்ததென்று எவ்வளவு பிடித்தான் என்று ஆண்டுக்கணக்கில் மனதிலேயே கணக்கு வைத்திருக்கிறவர்கள் இவர்கள். பள்ளியின் வரவு செலவு அதைவிடக் கடினமா? வாசித்துக் காட்ட ஓர் ஆள்தான் இல்லை.

அந்த ஆள் நீங்கள்தான், கல்லூரியில் படிக்கிற தம்பி தங்கைகளே. குழுவில் உங்களுக்கு ஓர் இடம் கேட்டு ஓடாதீர்கள். முன்னாள் மாணவர் இடம் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் அந்த அம்மாவுக்குப் பதிலாகப் பேசாதீர்கள். படித்த நம் பையனே தலைவியின் கணவர் இடத்தில் உட்கார்ந்துகொண்டு ‘நான் பார்த்துக்கிறேன் அக்கா’ என்று சொல்வதையும் பார்த்திருக்கிறோம். அதுவும் பறிப்புதான்.

செய்ய வேண்டியது சலிப்பான வேலை. கூட்டத்துக்கு முந்தின இரவு, தறி ஓய்ந்த பிறகு, தலைவி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து போன மாதத் தீர்மானத்தை வாசித்துக் காட்டுங்கள். தீர்மானங்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும் என்பது மாதிரி விதிகளிலேயே இருக்கிறது. அதைச் சொல்லிப் பிரதி கேளுங்கள். மறுத்தால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பள்ளியின் மாணவர் எண்ணிக்கையைச் சமூகவாரியாக வாங்கி, குழுவின் பட்டியலோடு ஒப்பிடுங்கள். கூட்டத்தை மாலை ஆறு மணிக்கோ, ஆலை விடுமுறை நாளிலோ வைக்கச் சொல்லிக் குழுவிலேயே தீர்மானம் கொண்டுவரச் செய்யுங்கள். ஆசிரியர்கள் முணுமுணுப்பார்கள். பெண் ஆசிரியர்கள் வெளியூரிலிருந்து பேருந்தில் வருகிறார்கள், அவர்கள் சிரமமும் நிஜம்தான். இரண்டு மாதத்துக்கு ஒரு முறையாவது நம் நேரத்துக்கு வரட்டும் என்று பேசித் தீர்க்கலாம்.

குழுக்களின் காலம் இரண்டு ஆண்டு. 2024இல் அமைந்தவற்றுக்கு 2026இல் மறுகட்டமைப்பு வர வேண்டும். பெற்றோர் கூட்டத்துக்கான அறிவிப்பு பிள்ளைகளின் நோட்டில் ஒரு வரியாக வரும், ஊர்த் தெருவில் தண்டோரா போட்டாலும் காலனி வரை வராது. எந்தப் பள்ளியில் எந்தத் தேதி என்று ஆரணி, போளூர், செய்யாறு வட்டாரத் தோழர்கள் இப்போதே விசாரித்துப் பட்டியல் போடத் தொடங்குங்கள். அன்றைக்குக் கூலி போனாலும் பரவாயில்லை என்று வரக்கூடிய பத்துப் பெற்றோரை, முக்கியமாகப் பெண்களை, ஒவ்வொரு காலனியிலும் இப்போதே பார்த்துப் பேசி வைக்க வேண்டும்.